கனசதுர உலகின் சட்டங்கள்

தமிழில் 'விதி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. தலைவிதி என்னும்போது அது எவராலும் மீற முடியாதது. சாலை விதி என்னும்போது அது மீறக்கூடியது. மீறினால் அபராதம் கட்ட வேண்டியது. இவ்விரண்டும் அருகருகே நின்று இயங்குவதைக் காண விரும்புவோர், இன்றைய பள்ளி மாணவர்கள் மாலை நேரங்களில் கூடும் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டின் சர்வர்களைப் பார்க்கலாம். பொருளாதாரம் கற்பித்த எனக்கு, சொத்துரிமை, பொதுவளம், பணம், வரி, தண்டனை ஆகியவற்றை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அண்மைக் காலத்தில் கிடைத்ததில்லை.

சுவீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் 2009-ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கிய இந்த விளையாட்டை, அவருடைய மோஜாங் நிறுவனம் 2011 நவம்பரில் முழு வடிவில் வெளியிட்டது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 250 கோடி டாலருக்கு மோஜாங்கை வாங்கியது. 30 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றுவிட்டதாக 2023-இல் அறிவிக்கப்பட்டது. மண், கல், மரம், நீர் என அனைத்தும் கனசதுரக் கட்டைகளால் ஆன ஓர் உலகம். அதில் தோண்டலாம், கட்டலாம், பயிரிடலாம், கால்நடை வளர்க்கலாம். இதைத்தான் செய்து முடிக்க வேண்டும் என்ற கட்டாய இலக்கு கிடையாது. குழந்தை மணலில் வீடு கட்டி விளையாடுவதைப் போன்றது என்பதால் இவ்வகை விளையாட்டுகளுக்கு 'சாண்ட்பாக்ஸ்' என்று பெயர்.

தனியாக விளையாடுபவருக்குச் சட்டம் தேவையில்லை. பலர் சேர்ந்து விளையாட ஒரு சர்வர் வேண்டும். அதாவது, எங்கோ ஒரு கணினி இடைவிடாது இயங்கி, அந்த உலகத்தைத் தன்னுள் சேமித்து வைத்திருக்கும். மற்றவர்கள் இணையம் வழியாக அதனுள் நுழைவர். நண்பர்கள் பத்துப் பேருக்கான சர்வரும் உண்டு. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கூடும் சர்வரும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர். அங்கு என்ன விதி என்பதைப் பெரும்பாலும் அவரே முடிவு செய்கிறார். நிஜ உலகில் எந்த நாட்டையும் வெற்று நிலத்திலிருந்து தொடங்கிப் பார்க்க நமக்கு வாய்ப்பில்லை. இங்கோ ஆயிரக்கணக்கான சிறு சமூகங்கள் ஆளில்லா நிலத்தில், எழுதப்பட்ட சட்டம் ஏதுமின்றித் தொடங்குகின்றன. அவற்றில் சில செழிக்கின்றன. பல சில வாரங்களில் வெறிச்சோடுகின்றன.

விதிகள் இங்கு மூன்று அடுக்குகளாக உள்ளன. முதல் அடுக்கு, நிரலிலேயே எழுதப்பட்டது. ஒருவர் இறந்தால் கையிலிருந்த பொருள்கள் அனைத்தும் இறந்த இடத்தில் சிதறும்; அவற்றின் அருகில் ஆள் இருக்கும் நிலையில், ஐந்து நிமிடங்களுக்குள் எடுக்காவிட்டால் மறைந்துவிடும். பாறைக்கு அடியில் உள்ள இறுதிக் கட்டையை எந்தக் கருவியாலும் உடைக்க முடியாது. இவை தலைவிதியைப் போன்றவை. இவற்றை மீறுவது எப்படி என்ற கேள்வியே எழாது.

இரண்டாம் அடுக்கு, உரிமையாளர் திருகி வைக்கக்கூடிய அமைப்புகள். இறந்தாலும் பொருள்களை இழக்காமல் இருக்கச் செய்யலாம். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்க முடியாதபடி செய்யலாம். தீ பரவாமல் தடுக்கலாம். 'கிரீப்பர்' என்ற பச்சைநிற உயிரி வெடிக்கும்போது கட்டடங்கள் சேதமடையாமல் காக்கலாம். புதிதாக வருபவர் முதலில் தோன்றும் இடத்தைச் சுற்றிலும் நிர்வாகிகளைத் தவிர வேறு எவரும் ஒரு கட்டையைக்கூட அசைக்க முடியாத வளையம் ஒன்றை வைக்கலாம். ஒரு சிறு திருகல் சமூகத்தின் இயல்பையே மாற்றும். இறந்தால் எல்லாம் போகும் என்ற உலகில் மக்கள் பொருள்களைப் பெட்டியில் பதுக்கி, எச்சரிக்கையுடன் நடமாடுவர். துணையோடு பயணம் செய்வர். எதுவும் போகாது என்ற உலகில் துணிச்சல் கூடும். அதே வேளையில், ஒருவர் மற்றவரைச் சார்ந்திருக்க வேண்டிய தேவை குறையும். காப்பீடு மனிதரின் நடத்தையை எவ்வாறு மாற்றும் என்று வகுப்பறையில் விளக்கும் பாடம் இதுதான்.

இந்த அடுக்கில் எனக்கு மிகவும் பிடித்தது உறக்கம் பற்றிய விதி. விளையாட்டின் ஒரு நாள் என்பது நம் கணக்கில் இருபது நிமிடங்கள். இரவு வந்தால் ஆபத்தான உயிரிகள் தோன்றும். கட்டிலில் படுத்து உறங்கினால் இரவைக் கடந்து காலைக்குச் சென்றுவிடலாம். ஆனால், சர்வரில் உள்ள அனைவரும் ஒரே நேரத்தில் படுத்தால்தான் இரவு கடக்கும் என்பதே அடிப்படை அமைப்பு. பன்னிரண்டு பேரில் பதினொருவர் படுத்திருக்க, ஒருவர் சுரங்கத்தில் வைரம் தேடிக்கொண்டிருந்தால் பதினொருவரும் காத்திருக்க வேண்டியதுதான். இது ஒருமனதான சம்மதத்தைக் கோரும் விதி. ஒவ்வொருவருக்கும் தடுப்பதிகாரம் தரும் விதி.

ஜேம்ஸ் புக்கானன், கார்டன் டல்லாக் ஆகிய இரு அறிஞர்கள் 1962-இல் வெளியிட்ட நூலில், கூட்டு முடிவெடுக்கும் விதிகளை இருவகைச் செலவுகளைக் கொண்டு ஆராய்ந்தனர். சம்மதிக்க வேண்டியோர் எண்ணிக்கை கூடக்கூட, ஒருவர் விருப்பத்துக்கு மாறாகப் பிறர் முடிவெடுக்கும் ஆபத்து குறைகிறது. ஆனால், முடிவுக்கு வருவதற்கான செலவு ஏறுகிறது. எல்லா முடிவுகளுக்கும் ஒரே விகிதம் பொருந்தாது. 2021-இல் வந்த புதிய பதிப்பு, எத்தனை விழுக்காட்டினர் உறங்கினால் இரவு கடக்கலாம் என்பதை உரிமையாளரே தீர்மானிக்கும் வசதியைச் சேர்த்தது. பாதிப் பேர் போதும் என்று சில சர்வர்கள் வைத்துள்ளன; ஒரே ஒருவர் படுத்தால் போதும் என்று வேறு சில வைத்துள்ளன. ஓர் இரவை இழப்பதால் எவருக்கும் பெரிய கேடில்லை. எனவே குறைந்த விழுக்காடு பொருந்தும். அதே சர்வரில், இந்த உலகத்தையே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா என்ற கேள்வி எழுந்தால், ஒருவர் படுத்தால் போதும் என்ற விகிதம் அநீதியாகிவிடும்.

மூன்றாம் அடுக்கு, எழுதி வைக்கப்படும் விதிகள். பிறர் கட்டியதை இடிக்காதே, பிறர் பெட்டியிலிருந்து எடுக்காதே, சுவருக்குப் பின்னால் உள்ள கனிமத்தைக் காட்டித்தரும் திருட்டு மென்பொருளைப் பயன்படுத்தாதே, அவதூறு பேசாதே என்பவை ஏறக்குறைய எல்லாப் பொதுச் சர்வர்களிலும் காணப்படுபவை. இவற்றை மீற முடியும். ஆகவேதான் இவற்றுக்குக் கண்காணிப்பும் தண்டனையும் தேவைப்படுகின்றன.

என் பேத்தியும் அவளுடைய வகுப்புத் தோழர்களுமாகப் பன்னிரண்டு பேர் நடத்தும் சிறு சர்வரின் விதிப்பட்டியலைக் கேட்டு வாங்கிப் படித்தேன். மூன்று விதிகளுடன் தொடங்கிய அது, ஏழெட்டு மாதங்களில் பதினொன்றாக வளர்ந்திருந்தது. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு சண்டை இருந்தது. 'அறுத்தவர் நட வேண்டும்' என்பது அவற்றில் ஒன்று. ஊருக்கு நடுவில் பொதுக் கோதுமை வயல் இருந்தது; பசித்தவர் அறுத்துக்கொண்டு போனார்கள்; விதையைத் திரும்ப நடுவோர் குறைந்துகொண்டே வந்தனர்; ஒருநாள் வயல் வெறும் மண்ணாகக் கிடந்தது. அதன் பிறகு எழுதப்பட்டது அந்த விதி. யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கண்மாய் நீரை முறைவைத்துப் பாய்ச்சிய ஊர்களில் வாழ்ந்தவர்களுக்கு இதில் வியப்பேதும் இருக்காது.

காரெட் ஹார்டின் 1968-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, எல்லோருக்கும் பொதுவான மேய்ச்சல் நிலம் தவிர்க்க முடியாமல் அழிவை நோக்கிச் செல்லும் என்றது. ஒரு மாட்டைக் கூடுதலாக விடுபவருக்கு அதன் பலன் முழுவதும் கிடைக்கிறது. புல் குறைவதன் இழப்போ எல்லோருக்கும் பங்கிடப்படுகிறது. எனவே ஒவ்வொருவரும் இன்னும் ஒரு மாடு என்று சேர்த்துக்கொண்டே போவர் என்பது அவர் வாதம். மைன்கிராஃப்ட் சர்வரில் இத்தகைய மேய்ச்சல் நிலம் கோதுமை வயலைவிட ஆழமான இடத்தில் இருக்கிறது. அது சர்வரின் நேரம்.

விளக்கிச் சொல்கிறேன். சர்வர் ஒரு நொடிக்கு இருபது முறை உலகத்தை முன்னகர்த்துகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஐம்பது மில்லி நொடி. அதற்குள் ஒவ்வோர் ஆட்டின் நகர்வு, ஒவ்வொரு பயிரின் வளர்ச்சி, ஒவ்வோர் இயந்திரத்தின் அசைவு ஆகிய அனைத்தையும் கணக்கிட்டு முடிக்க வேண்டும். கணக்கு ஐம்பது மில்லி நொடியைத் தாண்டினால் துடிப்பு தாமதமாகும், உலகமே மெதுவாகும். ஒருவர் குறுகிய பட்டியில் இரண்டாயிரம் கோழிகளை அடைத்து வைத்தால், முட்டை அவருக்கு, தாமதம் எல்லோருக்கும். கட்டையை உடைத்தால் உடையாமல் திரும்பித் தோன்றும். நடப்பவர் பின்னோக்கி இழுக்கப்படுவார். ஹார்டின் சொன்ன மேய்ச்சல் நிலத்தின் கணக்கு இங்கு மில்லி நொடிகளில் நடக்கிறது.

ஆகவேதான் முதிர்ந்த சர்வர்களின் விதிப்பட்டியலில், வெளியாருக்கு விசித்திரமாகத் தோன்றும் விதிகள் இருக்கும். ஒரு பட்டியில் இத்தனை விலங்குகளுக்கு மேல் கூடாது. தானியங்கிப் பண்ணைகளுக்கு நிறுத்தும் விசை இருக்க வேண்டும். விளையாடாமல் ஆளை மட்டும் நிறுத்திவைத்துப் பண்ணையை ஓட்டக் கூடாது. கடைசி விதிக்குக் காரணம் உண்டு. உலகம் பதினாறுக்குப் பதினாறு கட்டைகள் கொண்ட துண்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆட்டக்காரருக்கு அருகில் உள்ள துண்டங்கள் மட்டுமே இயங்கும். ஆள் நிற்கும்வரை அவருடைய பண்ணை சர்வரின் நேரத்தைத் தின்றுகொண்டே இருக்கும்.

ஹார்டின் முன்வைத்த தீர்வுகள் இரண்டு: நிலத்தைத் தனியாருக்குப் பிரித்துக் கொடுப்பது, அல்லது அரசு கட்டுப்படுத்துவது. எலினோர் ஆஸ்ட்ரம் இதை மறுத்தார். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவர். 1990-இல் வெளிவந்த தம் நூலில், நூற்றாண்டுகளாகப் பொதுவளங்களை அழியாமல் காத்துவந்த ஊர்களை அவர் ஆராய்ந்தார். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலைக் கிராமத்தில், குளிர்காலத்தில் தன் சொந்தத் தீவனத்தால் எத்தனை மாடுகளைக் காக்க முடியுமோ அத்தனை மாடுகளை மட்டுமே ஒருவர் கோடையில் பொது மேய்ச்சலுக்கு விடலாம் என்பது 1517-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் விதி. ஸ்பெயினின் வாலென்சியா நகரத்தில், வியாழக்கிழமைதோறும் தேவாலய வாசலில் விவசாயிகளே கூடி நீர்ப்பங்கீட்டு வழக்குகளைத் தீர்க்கின்றனர். நீடித்த ஊர்களுக்குப் பொதுவான சில இயல்புகளை அவர் எடுத்துக்காட்டினார்: யார் உறுப்பினர் என்ற தெளிவு, இடத்துக்குப் பொருந்தும் விதி, விதியால் கட்டுப்படுவோருக்கு அதை மாற்றுவதில் பங்கு, கண்காணிப்பு, தவறுக்கேற்பப் படிப்படியாக உயரும் தண்டனை, எளிதில் அணுகத்தக்க வழக்குமன்றம், தம் விதிகளைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமையை மேலரசு மதித்தல், பெரிய அமைப்புக்குள் சிறிய அமைப்புகள் அடுக்கடுக்காக அமைதல்.

இந்த அளவுகோல்களைச் சர்வர்மீது வைத்துப் பார்க்கலாம். உறுப்பினர் யார் என்ற எல்லையை அனுமதிப் பட்டியல் வகுக்கிறது. பட்டியலில் பெயர் இல்லாதவர் நுழைய முடியாது. நிலவுரிமைக்கெனத் தன்னார்வலர்கள் எழுதிய துணை நிரல்கள் பல உள்ளன. பரவலாகப் பயன்படும் ஒன்றில், தங்க மண்வெட்டியால் நிலத்தின் இரு மூலைகளைத் தொட்டால் அந்தச் செவ்வகம் அவருடையதாகிவிடும்; பிறர் அங்கு ஒரு கட்டையைக்கூட எடுக்க முடியாது. ஆனால், எவ்வளவு நிலம் கோரலாம் என்பதற்கு அளவுண்டு. சர்வரில் செலவிட்ட நேரத்துக்கு ஏற்ப அந்த அளவு வளரும். நெடுநாள் வராதவரின் நிலம் மீண்டும் பொதுவாகிவிடும் ஏற்பாடும் உண்டு. உழைத்துப் பயன்படுத்துபவருக்கே நிலம், வளைத்துப் போட்டுவிட்டுப் போனவருக்கு இல்லை என்ற கொள்கையும், டோர்பெல் ஊராரின் குளிர்காலத் தீவனக் கணக்கும் இங்கு ஒரு மண்வெட்டியில் சேர்ந்திருக்கின்றன. எழுதப்பட்ட விதி நிரலாக மாறும்போது, திருடாதே என்ற கட்டளை திருட முடியாது என்ற இயற்கையாகிவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இதில் ஓர் இழப்பும் உண்டு. பூட்டே தேவைப்படாத ஊரில் வளரும் நம்பிக்கை, எல்லாப் பெட்டிகளும் தாமாகவே பூட்டிக்கொள்ளும் ஊரில் வளர்வதில்லை. அதனால்தான் ஒருவரையொருவர் அறிந்த சிறு சர்வர்கள் பலவும் நிலக்காப்பு நிரலை வைத்துக்கொள்ளாமல் பேச்சுவார்த்தையையே நம்புகின்றன. முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானோர் கூடும் இடத்தில் அது இயலாது.

கண்காணிப்புக்கும் கருவிகள் உள்ளன. எந்தக் கட்டையை யார், எப்போது வைத்தார், யார் உடைத்தார், எந்தப் பெட்டியிலிருந்து யார் எதை எடுத்தார் என்று அனைத்தையும் பதிவு செய்யும் நிரல் உண்டு. நாசவேலை நடந்தால், குறிப்பிட்ட நபர் செய்த மாற்றங்களை மட்டும் பின்னோக்கித் திருப்பி, இடிந்த வீட்டை நொடியில் மீட்டுவிடலாம். நிஜ உலக நீதிமன்றம் எதற்கும் இல்லாத வசதி இது. சேதத்தை முழுமையாக ஈடுசெய்ய முடிகிறபோது, தண்டனையில் பழிவாங்கும் கூறு குறையலாம் என்று எதிர்பார்ப்போம். நல்ல சர்வர்களில் அவ்வாறே நடக்கிறது: முதல் தவறுக்கு எச்சரிக்கை, இரண்டாவதற்குச் சில நாள் தடை, மீண்டும் செய்தால் நிரந்தர வெளியேற்றம். மேல்முறையீட்டுக்கும் இடமுண்டு. மோசமான சர்வர்களில் முதல் தவறுக்கே வெளியேற்றம்; காரணம் சொல்லப்படுவதில்லை.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் பொருளாதார ஆசிரியன் கட்டுரையை முடிக்க இயலாது. பல சர்வர்களில் வைரமே நாணயம். அது அரிதாகக் கிடைப்பது, கெடாதது, ஒரே அளவானது. நாணயத்துக்கு வேண்டிய பண்புகள் அனைத்தும் அதற்குண்டு. வேறு சில சர்வர்களில் கணக்கில் எழுதப்படும் பணம் புழங்குகிறது. நிர்வாகியின் கடை ஒவ்வொரு விளைபொருளையும் நிர்ணயித்த விலைக்கு, எவ்வளவு கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்கிறது. தொடக்கத்தில் இது புதியவருக்கு வருமானம் தரும் நல்ல ஏற்பாடாகத் தோன்றும். சில வாரங்களில் ஒருவர் கரும்பைத் தானாக அறுக்கும் பண்ணையை அமைத்துவிடுவார். கரும்பு மலைபோலக் குவியும். கடை அதற்கு ஈடாகப் பணத்தை வெறுங்காற்றிலிருந்து உருவாக்கிக் கொடுக்கும். பணம் பெருகும், ஆட்டக்காரர்கள் தமக்குள் விற்கும் பொருள்களின் விலை ஏறும், நேற்று வந்த புதியவர் எதையும் வாங்க முடியாது. நிர்ணய விலையில் வரம்பற்ற கொள்முதல் எங்கே கொண்டுபோய்விடும் என்பதை விளக்க இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது.

அனுபவம் பெற்ற நிர்வாகிகள் இதற்கு மருந்தும் கண்டுள்ளனர். உருவாகும் பணம் எங்காவது வடிந்தாக வேண்டும். ஆட்டக்காரர்கள் நகரங்களை அமைத்துக்கொள்ளும் சர்வர்களில், நகரம் நாள்தோறும் பராமரிப்புத் தொகை கட்ட வேண்டும்; அதற்காக நகரத் தலைவர் குடிகளிடம் வரி வாங்குவார்; கட்டத் தவறினால் நகரம் கலைந்து நிலம் பாதுகாப்பை இழக்கும். வரி என்றால் அரசு பிடுங்கிக்கொள்வது என்றே அறிந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன், வரி இல்லாவிட்டால் பணத்தின் மதிப்பு என்னவாகும் என்பதை இங்கே கண்ணால் காண்கிறான்.

விதியே இல்லாவிட்டால் என்ன? அந்தச் சோதனையும் நடந்துகொண்டிருக்கிறது. 2010 டிசம்பரில் தொடங்கி இன்றுவரை அழிக்கப்படாத ஒரே உலகத்துடன் இயங்கிவரும் 2பி2டி என்ற சர்வர், நடத்தை விதிகள் இல்லாதது என்பதாலேயே புகழ்பெற்றது. இடிக்கலாம், கொல்லலாம், ஏமாற்று மென்பொருளையும் பயன்படுத்தலாம். புதியவர் தோன்றும் மையப்பகுதி குண்டும் குழியுமான பாழ்நிலம். உண்ணக்கூட எதுவும் கிடைக்காது. எதையாவது கட்ட விரும்புவோர் பல்லாயிரம் கட்டைத் தொலைவு நடந்து, இருப்பிடத்தை எவரிடமும் சொல்லாமல் மறைவில் கட்டினர். சொத்துக்கு அங்கிருந்த ஒரே காவல் இரகசியம். இருந்தும் அங்கே கூட்டணிகள் தோன்றின. நம்பிக்கையும் துரோகமும் வரலாறாயின. பலர் அந்தக் கடுமையையே விரும்பி நுழைந்தனர். கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: சர்வரையே முடக்கிவிடும் தந்திரங்களுக்கு அங்கும் நுட்பத் தடைகள் போடப்பட்டன. எதையும் அனுமதிக்கும் இடத்துக்கும் அந்த ஐம்பது மில்லி நொடியைக் காக்க ஒரு விதி தேவைப்பட்டது.

இப்போது அதிகாரம் பற்றிய கேள்விக்கு வருவோம். சேத் ஃப்ரே, ராபர்ட் சம்னர் என்ற இரு ஆய்வாளர்கள் சுமார் 5,000 மைன்கிராஃப்ட் சர்வர்களை ஆராய்ந்து, 2019-இல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் தம் முடிவுகளை வெளியிட்டனர். மக்கள்தொகை பெருகப் பெருக, வெற்றி பெறும் சர்வர்களில் விதிகளின் எண்ணிக்கையும் பரப்பும் கூடுகின்றன. தீய நடத்தையையும் சர்வர் வளத்தையும் கட்டுப்படுத்தும் விதிகள் முக்கியமாகின்றன. அதிகாரம் நிர்வாகிகளிடம் குவிவதும் கூடுகிறது. ஆஸ்ட்ரம் விரும்பிய பங்கேற்பு மக்களாட்சிக்கு இது முழுமையாக ஒத்துவரவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இதற்குக் காரணம் இருப்பதாக நான் கருதுகிறேன். டோர்பெல் கிராமத்தில் பிறந்தவர் அங்கேயே வாழ்ந்து மடிந்தார். அண்டை வீட்டாரின் முகத்தில் நாளையும் விழிக்க வேண்டும். சர்வரிலோ புனைபெயரில் ஒருவர் நுழைந்து, இடித்துவிட்டுப் போய்விடலாம். இழக்க ஏதுமற்ற அயலாரிடமிருந்து காக்க, விரைந்து செயல்படும் அதிகாரி தேவைப்படுகிறார். நிர்வாகி பிடிக்கவில்லை என்றால் வேறு சர்வருக்குப் போகலாமே என்று சொல்வோர் உண்டு. குரல் எழுப்புவது, வெளியேறுவது என்ற இரு வழிகளை ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் வகுத்துக் காட்டினார். ஆனால், இங்கு வெளியேறுவது மலிவானது அன்று. இரண்டு ஆண்டுகள் உழைத்துக் கட்டிய கோட்டையை எடுத்துக்கொண்டு போக முடியாது. உலகத்தின் கோப்பு உரிமையாளரின் கணினியில் இருக்கிறது. உழைப்பு ஆட்டக்காரருடையது; அதன் விளைவோ வேறொருவரின் கையில். நிர்வாகி நினைத்தால் பொருள்களை ஒரு கட்டளையில் உருவாக்கலாம், நண்பர்களுக்கு வழங்கலாம், பிடிக்காதவரை நீக்கலாம், ஒரு காலையில் உலகத்தையே அழித்துவிடலாம்.

இந்த அதிகாரத்தைப் பணமாக்கும் முயற்சியும் நடந்தது. காசு கொடுத்தால் வலிமையான வாள், காசு கொடுத்தால் கூடுதல் ஆற்றல் என்று பல சர்வர்கள் விற்றன. வாங்குவோரில் சிறுவர்கள் பலர். 2014-இல் மோஜாங் தன் உரிம ஒப்பந்தத்தின் நிலைப்பாட்டைத் தெளிவுபடுத்தி, ஆட்டத்தில் சாதகம் தரும் எதையும் சர்வர்கள் விற்கக் கூடாது என்றது. நுழைவுக் கட்டணம் வாங்கலாம், தோற்றத்தை அழகுபடுத்தும் பொருள்களை விற்கலாம் என்றது. சர்வர் உரிமையாளர்கள் பலர் எதிர்த்தனர். என் பார்வையில் அந்தத் தலையீடு சரியானது. விதியைத் தீர்ப்பவரே விதிவிலக்கை விற்பவராகவும் இருந்தால் அங்கு நடுநிலை நிற்காது. 2022-இல் வந்த மற்றொரு மாற்றம் விவாதத்துக்குரியது: அரட்டையில் தவறாகப் பேசியவரைப் பற்றி நேரடியாக நிறுவனத்திடம் புகார் அளிக்கலாம், குற்றம் உறுதியானால் எல்லாச் சர்வர்களிலிருந்தும் அவர் தடுக்கப்படுவார். குழந்தைகளின் பாதுகாப்புக்கு இது தேவை என்பது ஒரு வாதம். நண்பர்களின் தனிச் சர்வரில் என்ன பேசலாம் என்பதைத் தொலைவில் உள்ள நிறுவனம் தீர்மானிக்கலாமா என்பது மறுவாதம். ஊராட்சியின் எல்லை எங்கு முடிகிறது, மேலரசின் எல்லை எங்கு தொடங்குகிறது என்ற பழைய கேள்விதான் இது.

பிள்ளைகள் விளையாட்டில் நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று கவலைப்படும் பெற்றோர், எத்தனை மணி நேரம் என்று மட்டுமே கேட்கிறார்கள். அவர்கள் எத்தகைய ஆட்சியின்கீழ் அந்த நேரத்தைக் கழிக்கிறார்கள் என்றும் கேட்பது நல்லது. பல சிறுவர்களுக்கு வீட்டுக்கும் பள்ளிக்கும் வெளியே அவர்கள் அறியும் முதல் சட்டம் சர்வரின் சட்டமே. காரணம் கூறாமல் தண்டிக்கும் நிர்வாகியின்கீழ் பல மாதங்கள் இருப்பவர், அதிகாரம் என்றால் அப்படித்தான் என்று பழகிவிடக் கூடும். அறுத்தவர் நட வேண்டும் என்று தாமே எழுதிக்கொண்டவர்கள் வேறொன்றைக் கற்கிறார்கள்.

எனவே, பிள்ளைகளை ஒரு சர்வரில் சேர அனுமதிக்கும் முன் சில கேள்விகளைக் கேட்கலாம். விதிகள் எழுதி வைக்கப்பட்டுள்ளனவா? நிர்வாகிகளும் அவற்றுக்குக் கட்டுப்பட்டவர்களா? தண்டனை படிப்படியானதா? அதை எதிர்த்து முறையிட வேறொருவர் இருக்கிறாரா? பணம் கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் விதி ஒன்றுதானா? இவற்றைக் கேட்க மைன்கிராஃப்ட் விளையாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சர்வர் நடத்துவோரிடம் வைக்க ஒரு கோரிக்கை உண்டு. அதை நிறைவேற்றப் பெரிய செலவும் ஆகாது. உலகத்தை அழிக்கவோ சர்வரை மூடவோ முடிவு செய்தால், சில வாரங்களுக்கு முன்பே அறிவியுங்கள். அந்த உலகத்தின் கோப்பை, அதைக் கட்டியவர்கள் பிரதி எடுத்துக்கொள்ளத் திறந்துவிடுங்கள். கணினி உங்களுடையது. அதில் நிற்கும் வீடுகளைக் கட்டியவர்கள் அந்தப் பிள்ளைகள்.